166-ஆம் எண் கீழ்த்தாடை

ஒருவனுடைய தாடையை உடைக்க அந்தக் காலத்தில் கோபம் ஒன்று இருந்தால் போதும். ஒரு கை ஓங்கும், ஒரு தாடை இறங்கும், காரியம் முடிந்துவிடும். இப்படி ஒரு வரைமுறை இல்லாமல் தாடைகள் உடைவதைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் தாடை மற்றும் கடி ஆலோசனை நிலையத்தை நிறுவினார்கள். இப்போது அதே காரியத்துக்கு மூன்று பிரதியில் விண்ணப்பமும் இரண்டு பிரிவுகளின் ஒப்புதலும் இயக்குநரின் முத்திரையும் வேண்டும். நாகரிகம் வளர்ந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை.

இந்த நாகரிகத்துக்குள் தலையைக் கொடுத்தவன் பெயர் சங்கு. வீட்டில் வைத்த பெயர் வேறு, அது அவனுக்கே பாதி மறந்துவிட்டது. கல்குவாரியில் பாறைக்கு வெடி வைக்கும் முன் “வெடி!” என்று கத்துவது அவன் வேலை. முதல் குரலுக்குச் சம்மட்டியைக் கீழே போட வேண்டும். இரண்டாவது குரலுக்குப் பள்ளத்தை விட்டு மேலே ஏற வேண்டும். மூன்றாவது குரலுக்குத் திரியில் நெருப்பு. ஆலைச் சங்கு தோற்றுப்போகும் தொண்டை என்று குவாரியில் அவனுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பதினான்கு வருடமாக எழுபது பேர் அந்தக் குரலை நம்பிப் பள்ளத்தில் இறங்கி, அந்தக் குரலை நம்பியே உயிரோடு ஏறி வந்தார்கள்.

அந்த எழுபது பேரில் ஒருத்தி அவன் மனைவி. பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து ஜல்லி உடைப்பவள். அவனுக்குக் கழுத்தை நீட்டியதோடு நிற்காமல் தலையையும் அவன் பொறுப்பிலேயே விட்டிருந்தாள்.

ஆறு மாதமாகவே சங்குவின் இடது காதுக்குக் கீழே தாடை ‘டக்’ என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கொட்டாவி விட்டால் டக், கத்தினால் டக். வயசானால் கதவுகூடத்தான் சத்தம் போடும் என்று விட்டுவிட்டான். போன செவ்வாய்க்கிழமை இரண்டாவது குரலுக்கு வாயைத் திறந்தான். ‘வெ’ வந்தது, ‘டி’ வரவில்லை. தாடை பூட்டிக்கொண்டது. பாதி திறந்த வாயோடு இரண்டு கையையும் ஆட்டினான். திரி கொளுத்துகிறவர் அதைக் கொளுத்தச் சொல்கிற சைகை என்று எடுத்துக்கொண்டார். பூசணிக்காய் அளவுக்கு ஒரு கல் பறந்து வந்து அவன் மனைவியின் தம்பியுடைய தோள்பட்டையை இரண்டாக்கியது. அவள் தம்பிக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தாள்.

மேஸ்திரி மறுநாள் காலை அவனைக் கூப்பிட்டார்.

“சங்கு, உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா சனிக்கிழமை பெரிய வெடி. அதுக்குள்ள அந்தத் தாடை நிலையத்துக்குப் போயி, தகுதிச் சீட்டு வாங்கிட்டு வந்து என் கையில கொடு. இல்லன்னா அன்னைக்கு எங்க மருமகன்தான் குரல் கொடுப்பான்.”

மேஸ்திரியின் மருமகன் நின்றுகொண்டே தூங்கும் வரம் பெற்றவன். இரண்டாவது குரலுக்கும் மூன்றாவது குரலுக்கும் நடுவில் எழுப்பினால் எத்தனையாவது என்று நம்மையே கேட்பான்.

“அவன் குரல் கொடுத்து நான் ஏறணும்னா, இப்பவே எனக்குக் குழி தோண்டிடலாம்” என்றாள் மனைவி. “தோண்டக்கூட வேணாம், ஏற்கனவே பள்ளத்துலதான் இருக்கேன். கிளம்புங்க, நானும் வர்றேன்.”

*

நிலையத்தின் வாசலில் ‘சத்தம் போடாதீர்கள். வலி உங்கள் சொந்த விஷயம்’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே காவலாளி உட்கார்ந்திருந்தார். கையில் பித்தளைப் பூண் போட்ட தடி. தடியில் அளவுக்கோடுகள். வருகிறவர்களின் வாய்க்குள் தடியை நுழைத்து எவ்வளவு திறக்கிறது என்று பார்ப்பார். நன்றாகத் திறக்கிறவர்களுக்கு உள்ளே வேலை இல்லை.

சங்குவுக்கு முன்னால் நின்றவருக்கு வாய் நன்றாகவே திறந்தது. காவலாளி திருப்பி அனுப்பினார். அந்த மனிதர் கடிக்கும்போதுதான் வலிக்கிறது என்று வாதாடினார். காவலாளியும் தடியால் தன் தரப்பை எடுத்துச் சொன்னார். வாதம் முடிந்தபோது அவருக்குத் தேவையான தகுதி வந்திருந்தது. கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனார்கள்.

“உனக்கு ரெண்டு விரல்தான் திறக்குது” என்றார் காவலாளி சங்குவிடம், சற்றே ஏமாற்றத்தோடு. கழுத்தில் ஒரு தகர வில்லையை மாட்டிவிட்டார். அதில் 166 என்று இருந்தது. “கீழ்த்தாடை கீழ் மாடி. மேல்தாடை மேல் மாடி. மாத்திப் போனா காலை உடைச்சிடுவாங்க. அதுக்கு வைத்தியம் இங்க கிடையாது.”

அந்த நிலையத்தில் இரண்டு பிரிவுகள். இரண்டுக்கும் பதினோரு வருடமாகப் போர். நாக்கு எந்தப் பிரிவுக்குச் சொந்தம் என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் கூட்டினார்களாம். கூட்டத்தில் நாற்காலிகள் பறந்தன. மூன்று பேருக்கு விலா எலும்பு போயிற்று, ஒருவருக்குக் காது மடல் போயிற்று. நாக்கு மட்டும் யாருக்கும் ஒதுக்கப்படாமல் நின்றுவிட்டது. அதனால் நாக்கு சொல்வதைக் கேட்கும் பொறுப்பு நிலையத்தில் யாருக்கும் இல்லாமல் போனது. நோயாளி என்ன சொன்னாலும் அது எந்தப் பிரிவிலும் பதிவாகாது.

கீழ்த்தாடைப் பிரிவின் தலைமை ஆலோசகர் முழங்கை வரை ரோமம் அடர்ந்த, கல்தூக்கி போன்ற ஆள். சங்குவை நாற்காலியில் அமுக்கி உட்காரவைத்து, தாடையைக் கட்டைவிரலால் பிடித்து, பானை வாங்குகிறவர் போல இரண்டு தட்டு தட்டினார்.

“முகத்துல வேலை செய்யுற ஒரே எலும்பு இதுதான். மேல ஒருத்தி இருக்கா பாருங்க, அவ பிரிவுல ஏதாவது அசையுதா? மென்னா நாங்க மெல்லணும், பேசினா நாங்க ஆடணும். மேல்தாடை சும்மா உக்காந்துட்டு, கடிச்சது நான்னு சொல்லிக்கும். பதினோரு வருஷமா சொல்றேன், மேல்தாடையே ஒரு தேவையில்லாத பதவி.”

“சார், எனக்குக் காதுக்குக் கீழ டக்குன்னு…”

“நாக்கை உள்ள வைங்க.”

இரும்பில் லாடம் மாதிரி ஒரு தட்டு வந்தது. அதில் வெள்ளை மாவு. அச்சு எடுப்பதற்காம். தட்டு சங்குவின் வாயைவிடப் பெரியது.

“சின்னத் தட்டு இல்லீங்களா?”

“தட்டெல்லாம் ஒரே அளவுதான். மனுசங்கதான் வேற வேற அளவுல வர்றாங்க.”

இரண்டு உதவியாளர்கள் அவன் தலையைப் பிடித்துக்கொள்ள, ஆலோசகர் தட்டை உள்ளங்கையால் அடித்து இறக்கினார். வாயின் இரண்டு ஓரமும் கிழிந்தன. மாவு இறுகியது. இறுகியது மட்டுமல்ல, வர மறுத்தது. ஆலோசகர் ஒரு காலை நாற்காலியில் ஊன்றினார். அது போதாமல் சங்குவின் நெஞ்சில் ஊன்றினார். உதவியாளர்கள் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். மூன்றாவது இழுப்பில் தட்டு வந்தது, ஆலோசகர் மல்லாந்து விழுந்தார், கூடவே கடைவாயில் கோணலாக முளைத்திருந்த ஒரு பல்லும் வேரோடு வந்தது.

சங்கு போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சத்தம் போட்டதற்காக உதவியாளர்களில் ஒருவர் அவனைக் கன்னத்தில் அறைந்தார். பிறகு அறைந்த கையைத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டை எடுத்தார்.

“எழுதிக்கோ” என்றார் ஆலோசகர், தரையில் படுத்தபடியே. “பல் தன் சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொண்டது.”

வெளியே வந்து வாசல் குழாயில் ரத்தத்தைக் கொப்பளித்துக்கொண்டிருந்தவனை மனைவி அழுதுகொண்டே பார்த்தாள். திடீரென்று அழுகையை நிறுத்தினாள்.

“ஏங்க, இப்ப என்னன்னு கத்துனீங்க?”

“அம்மான்னு.”

“முழுசா வாயைத் திறந்தா கத்துனீங்க? இன்னொரு தடவை திறங்க.”

திறந்தான். நான்கு விரல் போனது. டக் இல்லை, பூட்டு இல்லை. கோணல் பல் ஒன்றுதான் இத்தனை நாளும் தாடையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று இரண்டு பேரும் சந்தோஷமாகத் திரும்பி உள்ளே ஓடினார்கள்.

“சரியாயிடுச்சு சார்! சீட்டு மட்டும் கொடுத்துடுங்க.”

“சரியாயிடுச்சுன்னு எது சொல்லுது?” என்று கேட்டார் ஆலோசகர். “நாக்கு சொல்லுது. நாக்குக்கு இங்க அதிகாரம் இல்ல. மேல் அச்சும் கீழ் அச்சும் ஒண்ணா சேர்ந்து சொல்லணும். நாளைக்கு மேல போங்க. வெள்ளிக்கிழமை சந்திப்பு.”

வியாழக்கிழமை மேல் மாடிக்குப் போனார்கள். மேல்தாடைப் பிரிவின் தலைமை ஆலோசகர் ஒரு டாக்டரம்மா. பட்டுப்போன்ற குரல். கையில் சின்னச் சுத்தியல்.

“பயப்படாதீங்க. ஒவ்வொரு பல்லா தட்டுவேன். வலிச்சா கையைத் தூக்குங்க. கையைத் தூக்கினா, நிஜமாவே வலிக்குதான்னு இன்னொரு தடவை தட்டி உறுதி பண்ணிப்பேன். கையைத் தூக்கலைன்னா பல்லு செத்திருக்குன்னு அர்த்தம். அப்ப கொஞ்சம் பலமா தட்டிப் பார்க்கணும்.”

பதினாறு பற்களையும் தட்டினாள். சங்கு பாதிக்குக் கையைத் தூக்கினான், பாதிக்குத் தூக்காமல் பார்த்தான். தட்டு விழுந்த எண்ணிக்கையில் ஒரு வித்தியாசமும் இல்லை.

“மேல்தாடை மண்டையோட ஒட்டினது” என்று தட்டிக்கொண்டே சொன்னாள். “மூளைக்குப் பக்கத்து வீடு. அதனாலதான் அது அசையுறதில்ல. யோசிக்கிறவங்க அசைய மாட்டாங்க. கீழ ஒரு ஆள் இருக்காரே, அவர் பாக்குறது என்ன? தொங்குற சாமான். தொங்குறதெல்லாம் ஒரு உறுப்பா? அவரை எப்ப நேர்ல பார்த்தாலும் இந்தச் சுத்தியலாலதான் பேசணும்னு இருக்கேன்.”

அச்சு எடுத்தபோது நல்லவேளை எந்தப் பல்லும் பதவி விலகவில்லை. உதடு மட்டும் தக்காளி போல வீங்கியது. சங்கு அன்று முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தான். வாய் நன்றாகத் திறக்கிறது என்பதைக் காவலாளி பார்த்துவிட்டால் மறுபடியும் தகுதி உண்டாக்கிவிடுவாரே என்று பயம்.

*

வெள்ளிக்கிழமை சந்திப்பு படிக்கட்டின் நடுவில் இருக்கும் மேடையில் நடக்கும். கீழ் மாடிக்கும் மேல் மாடிக்கும் பொதுவான இடம் அது ஒன்றுதான். சுண்ணாம்பால் நடுவில் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு படை, இந்தப் பக்கம் ஒரு படை, நடுவில் தடியோடு காவலாளி. சுவர் முழுக்கத் தட்டுகளில் பழைய தாடை அச்சுகள் ஆயிரக்கணக்கில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு நாற்காலி. அதில் சங்குவை உட்காரவைத்து வாரால் கட்டினார்கள். கட்டுவது எதற்கு என்று மனைவி கேட்டாள். முடிவு வந்தபிறகு கட்டினால் சிலர் ஒத்துழைப்பதில்லை என்று விளக்கம் வந்தது.

இயக்குநர் வந்தார். பருத்த உடம்பு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்திருந்தார். கோதுமை மாவைப் பிசைந்து வைத்தது போன்ற வெள்ளை வெளேர் கைகள். வாழ்நாளில் எந்த வாய்க்குள்ளும் போகாத கைகள்.

இரண்டு அச்சுகளையும் கொண்டுவந்தார்கள். இங்கேதான் ஒரு சங்கதி. மேல்தாடைப் பிரிவில் அச்சுகளை நேராக வைப்பார்கள். கீழ்த்தாடைப் பிரிவில், மேல் மாடி எதைச் செய்தாலும் அதற்கு நேர்மாறாகச் செய்வது என்று பதினோரு வருடம் முன்பே தீர்மானம் போட்டதால், எல்லா அச்சையும் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள். அவற்றில் ஒட்டிய எண் வில்லைகளும் தலைகீழாகத்தான் தெரியும். 991-ஐத் தலைகீழாகப் பார்த்தால் 166. சங்குவின் அச்சு அலமாரியிலேயே கிடந்தது. எடுத்துவந்தது 991-ஆம் எண்காரருடைய தாடை. அவர் ஒரு குஸ்தி பயில்வான். யாருடைய அச்சைப் பார்த்து அவருக்கு வைத்தியம் செய்தார்கள் என்று கேட்பதற்கு அவரால் இன்றுவரை வாயைத் திறக்க முடியவில்லை.

சங்குவின் மேல்தாடையைப் பயில்வானின் கீழ்த்தாடை மேல் வைத்தார்கள். பெட்டிக்கு மூடி சேராத மாதிரி இருந்தது. கீழ்த்தாடை ஒன்பது மில்லிமீட்டர் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

“சார், அது என் தாடையே இல்ல!” என்றான் சங்கு. “எனக்குக் கீழ் வரிசையில முன்பல்லு ஒண்ணு பாதிதான் இருக்கும். கல்லு பட்டு உடைஞ்சது. இதோ பாருங்க. அந்த அச்சுல எல்லாப் பல்லும் முழுசா இருக்கு!”

இயக்குநர் அவன் வாயைப் பார்க்கவில்லை. அச்சைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கனிவோடு சொன்னார்:

“தம்பி, மாவு பொய் சொல்லாது. இந்த அச்சு உங்களோடதுன்னு வில்லை சொல்லுது. அப்ப அச்சு எடுத்தபிறகு நீங்கதான் மாறியிருக்கீங்க. மனுசன் மாறுவான், வயசாவான், பல்லு உடைச்சுப்பான், செத்துக்கூடப் போவான். பதிவு மாறாது. இந்த நிலையத்துல பதிவை ஏழு வருஷம் வச்சுக் காப்பாத்துறோம். ஒரு கீறல் விழக் கூடாது, ஒரு மாற்றம் வரக் கூடாது. எத்தனையோ நோயாளிங்க போயிட்டாங்க. ஒரு பதிவு போனதில்ல. அதுதான் எங்க பெருமை.”

“அதுக்காக…”

“அதுக்காக உங்களைப் பதிவுக்குப் பொருந்துற மாதிரி செய்யணும். கீழ்த்தாடையை ரெண்டு பக்கமும் உடைச்சு, ஒன்பது மில்லிமீட்டர் முன்னால இழுத்து, கம்பி போட்டுக் கட்டிடுவோம். மூணு மாசம் வாய் திறக்கக் கூடாது. மூணு மாசத்துக்கு அப்புறம் சீட்டு வாங்க மனு போடலாம்.”

“நாளைக்கு வெடிங்க ஐயா!” என்று மனைவி அலறினாள். “நாளைக்கு இவர் கத்தலைன்னா நாங்க எழுபது பேர் பள்ளத்துல மாட்டிப்போம்!”

“அம்மா, வாசல்ல போர்டு பார்த்தீங்கல்ல? சத்தம் போடாதீங்க.” நான்கு உதவியாளர்கள் அவளைச் சுவரோடு அமுக்கினார்கள். ஒருவர் முகத்தில் அவள் நகம் ஐந்து கோடு போட்டது. ஜல்லி உடைக்கிற கை.

உடைப்பவர் வந்தார். அது ஒரு தனிப் பதவி. சாந்தமான மனிதர். மரச் சுத்தியலைப் பூப்போட்ட துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“சாப்பிட்டீங்களா?” என்று சங்குவிடம் கேட்டார். “வெறும் வயித்துல இருக்கறவங்களை நான் உடைக்க மாட்டேன். மயக்கம் போட்டுட்டா பாவம்.”

சுத்தியல் ஓங்கப்பட்டது. அந்த நேரத்தில் கீழ்த்தாடை ஆலோசகர் தொண்டையைக் கனைத்தார்.

“உடையப்போறது எங்க எலும்பு. எங்க பிரிவு ஆள்தான் உடைக்கணும். இந்த உடைப்பவர் மேல் மாடியில சம்பளம் வாங்கறவர்.”

“கோணல் உங்க எலும்புல” என்றாள் டாக்டரம்மா. “அதைக் கண்டுபிடிச்சது எங்க எலும்பு. கண்டுபிடிச்சவங்கதான் உடைக்கணும்.”

ஆலோசகர் சுண்ணாம்புக் கோட்டில் கால் வைத்தார். டாக்டரம்மா நேரில் பார்த்தால் பேசுவேன் என்று சொன்னபடியே பேசினாள். சுத்தியல் அவர் முன்பற்கள் இரண்டை வாங்கிக்கொண்டது. அவர் கைக்கு எட்டிய முதல் அச்சை எடுத்து அவள் உதவியாளர் மண்டையில் உடைத்தார். பிறகு பொதுவாக எல்லாமே உடைந்தது. நிலையத்தின் ஒழுக்கத்தை மெச்சத்தான் வேண்டும். முப்பது பேர் அடித்துக்கொண்டார்கள், ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. ‘தொப்’ என்று மண்டை சுவரில் மோதும், ‘நறுக்’ என்று ஏதாவது முறியும், அடிபட்டவர் கண்ணீர் பொங்க உதட்டில் விரல் வைத்து ‘உஷ்’ என்பார். காவலாளி இரண்டு தரப்புக்கும் பாரபட்சம் இல்லாமல் தடியை வீசினார். உடைப்பவரை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்தார்கள். இரண்டு தோளும் கழன்று அவர் படியில் உட்கார்ந்து, தனக்கு வெறும் வயிறு என்று முனகினார்.

வென்றவர்கள் யாராக இருந்தாலும் அடுத்தபடி வந்து தன் தாடையைத்தான் உடைப்பார்கள் என்பது சங்குவுக்குப் புரிந்தது. வாரை இழுத்துப் பார்த்தான், அசையவில்லை.

“கத்துங்க!” என்றாள் மனைவி, சுவரோடு சுவராக. “என்ன பார்த்துட்டு இருக்கீங்க? கத்துங்க!”

சங்கு வாயைத் திறந்தான்.

“வெடீ!”

பதினான்கு வருடம் பாறையோடு போட்டியிட்ட குரல். அலமாரித் தட்டுகள் அதிர்ந்து, தாடைகள் நூறு நூறாகக் கொட்டின. காத்திருந்த நோயாளிகள் வில்லையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தெருவுக்கு ஓடினார்கள். வாய் திறக்காது என்று வந்தவர்கள்கூட ஓடும்போது வாயைத் திறந்துகொண்டுதான் ஓடினார்கள்.

“வெடீ!”

“சத்தம் போடாதே!” என்று இயக்குநர் பாய்ந்து வந்து, தன் வெள்ளைக் கையைச் சங்குவின் வாய்க்குள் குறுக்கே திணித்தார். முழங்கைக்குக் கீழே, சதை நிறைந்த இடம். அந்த வருகையை எதிர்பார்த்தது போல இரண்டு தாடைகளும் ஒன்றையொன்று நோக்கி வந்தன. ஆறு மாத வலி, மூன்று நாள் அடி, மைத்துனன் தோள்பட்டை, நாளைய வெடி எல்லாவற்றையும் சேர்த்துச் சங்கு கடித்தான்.

மூன்றாவது குரலை இயக்குநர் கொடுத்தார்.

சண்டை நின்றது. இரத்தம் வழிந்த முகங்களோடு இரண்டு பிரிவும் நாற்காலியைச் சுற்றி நின்றன. டாக்டரம்மாதான் முதலில் குனிந்து பார்த்தாள். அவள் கண்கள் விரிந்தன.

“மேலயும் கீழயும் ஒரே நேரத்துல பதிஞ்சிருக்கு” என்றாள் மெதுவாக. “ஒரே பதிவுல.”

“பதினோரு வருஷத்துல முதல் தடவை” என்றார் ஆலோசகர். பல் போன வாயில் அது வேறு மாதிரி கேட்டது.

“எடுங்கடா! கையை எடுங்கடா!” என்று இயக்குநர் கத்தினார்.

“அசையாதீங்க சார், பதிவு கலைஞ்சிடும். மாவுக்கு ரெண்டு நிமிஷம் விடுவோம். தசைக்கு எவ்வளவு விடணும்?”

“புதுப் பொருள். அஞ்சு நிமிஷம் விடுவோம்” என்றாள் டாக்டரம்மா.

ஐந்து நிமிடம் விட்டார்கள். கடிகாரத்தை டாக்டரம்மா பார்த்தாள், இயக்குநரின் தோளை ஆலோசகர் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. நேரம் முடிந்ததும் சங்குவிடம், “ரொம்ப நன்றி, இப்ப விடலாம்” என்றார்கள். விட்டான்.

அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள். மேல் வரிசை, கீழ் வரிசை, இம்மி பிசகவில்லை. மனைவி உதவியாளர்களை உதறிவிட்டு வந்து கையைக் காட்டினாள்.

“இதோ, நல்லா பாருங்க! கீழ நடுவுல ஒரு பல்லு பாதிதான் பதிஞ்சிருக்கு. உடைஞ்ச பல்லு. இது என் புருஷன் வாய்தான். இப்பவாவது நம்புறீங்களா?”

“கடி குறையற்றது” என்று இரண்டு பிரிவும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டன. இயக்குநரின் முத்திரையை இயக்குநரின் சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் குத்தினார்கள். சீட்டை மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

“எவனாவது மருந்து போடுங்கடா!” என்றார் இயக்குநர். மருந்துப் பெட்டியோடு வந்தவரை டாக்டரம்மா தடுத்தாள்.

“மருந்து போட்டா ஆறிடும் சார். பதிவுல ஒரு மாற்றமும் வரக் கூடாது. ஏழு வருஷம்.”

“இது பதிவு இல்லம்மா, என் கை!”

“மன்னிக்கணும் சார்” என்றார் ஆலோசகர் உண்மையான வருத்தத்தோடு. “இப்ப பேசறது நாக்கு.”

166 என்ற வில்லையைச் சங்குவின் கழுத்திலிருந்து கழற்றி இயக்குநரின் மணிக்கட்டில் கட்டினார்கள். நேராகக் கட்டுவதா, தலைகீழாகக் கட்டுவதா என்று ஒரு பேச்சு வந்தது. இருபுறமும் எழுதிவிடலாம் என்று சமாதானமாகப் போனார்கள். பிறகு ஆறு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவறையில், ஈரம் படாத மூன்றாவது தட்டில் வைத்துக் கதவைப் பூட்டினார்கள். உள்ளேயிருந்து அவர் உதைக்கும் சத்தம் கேட்டது. காவலாளி போய்த் தடியால் கதவைத் தட்டி, போர்டை ஞாபகப்படுத்தினார்.

*

சனிக்கிழமை காலை மேஸ்திரி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருமகன் பாறையில் சாய்ந்து நின்று தூங்கிக்கொண்டிருந்தான். சங்கு கொடிக் கம்பத்தடியில் போய் நின்றான்.

முதல் குரல் கொடுத்தான். எழுபது சம்மட்டிகள் கீழே விழுந்தன. இரண்டாவது குரல் கொடுத்தான். வரிசையாக ஏறினார்கள். கடைசியில்தான் அவன் மனைவி ஏறினாள், எப்போதும் போல ஜல்லிக் கூடையை விட்டுவர மனசில்லாமல். அவள் விளிம்பில் கால் வைத்து அவனைப் பார்த்துத் தலையாட்டும் வரை சங்கு காத்திருந்தான். பிறகு மூன்றாவது குரல் கொடுத்தான். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு வீட்டு அளவுக்குப் பாறை சரிந்து இறங்கியது. அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதான். ஒருவரும் கிண்டல் செய்யவில்லை.

மூன்று வாரம் கழித்து நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. மனைவியின் தம்பி, தோளில் கட்டோடு, எழுத்துக் கூட்டி வாசித்தான்.

‘166-ஆம் எண் பதிவு, பாதுகாப்புக்கான எங்கள் எல்லா முயற்சிகளையும் மீறி, ஆறத் தொடங்கிவிட்டது என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். பதிவைப் புதுப்பிக்க வரும் வெள்ளிக்கிழமை தவறாமல் வரவும். வராவிட்டால் சீட்டு ரத்தாகும். பல் துலக்கிவிட்டு வரவும்.’

சங்கு தலையில் கை வைத்துக்கொண்டான். அந்தப் படிக்கட்டில் மறுபடியும் கால் வைக்க அவனுக்கு மனசே இல்லை. ஆயிரம் இருந்தாலும் மனுசன் கை அது, பாவம் என்றுகூடத் தோன்றியது.

மனைவி கடிதத்தை வாங்கி மடித்து, சீட்டோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்தாள்.

“போயிட்டு வாங்க” என்றாள். “இந்தத் தடவை நல்லா அழுத்திக் கடிங்க. இல்லன்னா மாசா மாசம் கூப்பிடுவாங்க.”